அளவுப் புத்தகமும் அங்கியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நான் பதினொரு ஆண்டுகள் பாசனப் பொறியாளராக இருந்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவன் என்பதையும், பின்னர் சில ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தாளாளராக இருந்தவன் என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு, தமிழக – கேரள எல்லையான களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு அந்தப்புறமிருந்தும் இந்தப்புறமிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அந்தப் பொருளுக்கே.

கேள்வி: என் மகனுக்கு இருபத்தெட்டு வயது, சிவில் என்ஜினியர், அரசு வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வேலையை விட்டுவிட்டுச் செமினரியில் சேரப்போவதாகச் சொல்கிறான். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை. நிலத்தை விற்றுப் படிக்கவைத்த படிப்பு வீணாகிவிடாதா? — ஒரு தாய், பாறசாலை

பதில்: அம்மா, உங்கள் கணவரின் மௌனத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நான் நன்றாக அறிவேன். என் தகப்பனார் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், முந்நூறு மரம் வெட்டி, பால் எடுத்து ஊற்றிவிட்டு வந்துதான் என்னைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினார். நான் என் முடிவைச் சொன்ன மாலையில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். ஏற்கெனவே தீட்டிய கத்தி அது. அந்த மௌனம் எட்டு மாதம் நீடித்தது. பின்னர் என் அருட்பொழிவு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். சொன்னேன். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் மறுபடியும் மௌனமாகிவிட்டார், ஆனால் இந்தமுறை இலையில் இருந்த பாயசத்தை என் பக்கம் தள்ளினார். உங்கள் கணவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். மகனே அவரிடம் போய், வருமானம் குறைவதையும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருப்பதையும், திருமணம் தள்ளிப்போகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். தகப்பன்மாருக்குக் கணக்கை மறைத்தால்தான் கோபம் நிலைக்கும்.

அடுத்து உங்கள் மகனிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. அவர் ஊழியத்தை நோக்கிப் போகிறாரா, அல்லது அலுவலகத்தைவிட்டு ஓடுகிறாரா? ஒப்பந்ததாரரோடு மல்லுக்கட்டியும், முடிந்த வேலையை அளந்து பதிகிற அளவுப் புத்தகத்தில் எழுதியதைத் திருத்தச் சொல்லும் மேலதிகாரிக்கு ஈடுகொடுக்க முடியாமலும் மனம் வெறுத்து வருகிறவராக இருந்தால், தயவுசெய்து வேறு அலுவலகத்துக்கு மாறுதல் கேட்கட்டும். ஏனென்றால் அதே ஒப்பந்ததாரர்தான் நாளைக்குச் சபைக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார், அங்கே அவருக்கு எதிராகக் குறிப்பு எழுத அளவுப் புத்தகமும் இருக்காது. வேலையை உடனே ராஜினாமா செய்ய வேண்டாம். ஓர் ஆண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டே, ஞாயிறு பள்ளி நடத்தட்டும், போதகரோடு ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போகட்டும், இரவு பத்து மணிக்குமேல் நடக்கும் கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லையென்றால் அது ஆசை இல்லை, அழைப்பு என்று நம்பலாம்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் ஒருவர் தானாகச் செமினரியில் சேர்ந்து படித்துவிட்டுப் போதகராகிவிட முடியாது. பேராயம், அதாவது அவருடைய வட்டாரத்துச் சபைகளை ஆளும் நிர்வாகம், நேர்காணல் நடத்தித் தெரிந்தெடுத்து அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுப்பப்படுவது, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. என்னும் இறையியல் பட்டப் படிப்புக்கு. 1818-ல் மிஷனரி வில்லியம் கேரியும் நண்பர்களும் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். அந்தச் சாசனத்தின் வழிவந்த பட்டத்தைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் படிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அங்கி கிடைத்துவிடாது. சபைகளில் பயிற்சி, பிறகு உதவிகுரு, அதன்பின்பே குரு. ஆக, இருபத்தெட்டில் தொடங்கினால் முப்பத்தைந்தை நெருங்கிவிடும்.

படிப்பு வீணாகுமா என்று கேட்டீர்கள். என் முதல் சபை மலையடிவாரத்தில் இருந்தது. ஆடி மாதச் சாரலில் ஒரு முதியவரின் அடக்கம். குழி வெட்டி முடித்தபோது ஒரு பக்கச் சரளையிலிருந்து ஊற்று பெருகி முழங்கால் அளவுக்கு நீர் நின்றுவிட்டது. பெட்டியை வைத்துக்கொண்டு எல்லாரும் விழித்தார்கள். நான் ஜெப புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சரிவு எந்தப் பக்கம் என்று கண்ணால் மட்டம் பார்த்து, குழியின் தாழ்ந்த மூலையிலிருந்து கீழ்ப்புறத் திட்டுக்கு ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியான யோசனைதான். நீர் வடியவும் தொடங்கியது. ஆனால் நான் அதிலேயே மூழ்கி, இன்னும் கொஞ்சம் ஆழம், இன்னும் கொஞ்சம் சரிவு என்று மண்வெட்டிக்காரரை விரட்டிக்கொண்டிருந்தபோது, இறந்தவரின் மனைவி என் கையைத் தொட்டு, "வெள்ளத்தெ அவங்க பாத்துக்குவாங்க போதகரே, நீங்க பாட்டெ எடுங்க" என்றார். படிப்பு வீணாகவில்லை, அம்மா. ஆனால் அதை எப்போது மூடிவைக்க வேண்டும் என்பதை எனக்குச் செமினரியில் யாரும் சொல்லித்தரவில்லை, அந்தக் கிழவிதான் சொன்னார்.

கேள்வி: பொறியியல் தெரிந்தவர் குருவாகி, கல்லூரித் தலைவராகவும் ஆன வரலாறு உண்டா? பேச்சுப் போட்டிக்கு வேண்டும். — கல்லூரி மாணவி, குழித்துறை

பதில்: உண்டு. நான் முதலில் சொல்லுவது சைரஸ் ஹாம்லின் என்ற அமெரிக்கரை. 1811-ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர்; பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர்; சிறுவயதில் வெள்ளித் தட்டாரிடம் தொழில் பழகி, கல்லூரி மாணவராக இருந்தபோதே நீராவி எந்திரம் ஒன்றைத் தம் கையால் செய்தவர். குருத்துவம் பெற்றுக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குப் போனவர், அங்கே நடத்திய பள்ளியில் ஏழை ஆர்மீனிய மாணவர்கள் கிழிந்த உடையோடு வருவதைப் பார்த்துத் தொழிற்பட்டறை வைத்தார். மாவு ஆலையும் ரொட்டிச் சாலையும் வைத்தார். கிரீமியப் போர்க் காலத்தில், புளோரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிய ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு ரொட்டி போனது இந்தக் குருவின் அடுப்பிலிருந்துதான். நோயாளிகளின் துணி பேன் பிடித்துக் கிடப்பதைக் கண்டு, காலி மதுப் பீப்பாய்களைக் கொண்டு சலவை எந்திரம் செய்து சலவைச் சாலையும் நடத்தினார். லாபம் தேவாலயங்கள் கட்டப் போயிற்று. 'குருவானவர் கடை போட்டிருக்கிறார்' என்ற முணுமுணுப்புக்கும் குறைவில்லை.

1863-ல் ராபர்ட் கல்லூரி தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். பொஸ்போரஸ் நீரிணையைப் பார்த்த மேட்டில் கட்டடம் எழும்பியபோது, கல் பொறுக்குவதிலிருந்து மரம் அறுப்பதுவரை அவரே நின்று பார்த்தார். அது 1871-ல் நிறைவடைந்தது. இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது. ஆனால், மாணவியே, உன் பேச்சில் பலரும் விட்டுவிடும் பகுதியையும் சேர்த்துக்கொள்: கல்லூரிக்காக நிதி திரட்ட 1873-ல் அமெரிக்கா சென்ற ஹாம்லின் அதன் தலைவராகத் திரும்பவே இல்லை, நிர்வாகம் வேறு கைக்குப் போய்விட்டது. கட்டியவருக்கே நாற்காலி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பின்னாளில் 1880 முதல் 1885 வரை மிடில்பரி என்னும் வேறொரு கல்லூரிக்குத் தலைவராக இருந்தார்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் கோட்டயத்துக்குப் போ. 1817-ல் தொடங்கிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) கல்லூரியின் முதல் தலைவரான ஆங்கிலேயக் குரு பெஞ்சமின் பெய்லி, உள்ளூர்த் தச்சரையும் கொல்லரையும் வைத்து மரத்தில் அச்சு எந்திரம் செய்து, மலையாள எழுத்துகளை வார்ப்பித்து, 1829-ல் மலையாளப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். இங்கிலாந்தில் ஜான் போல்கிங்ஹார்ன், கேம்பிரிட்ஜில் கணித இயற்பியல் பேராசிரியர் பதவியை 1979-ல் உதறிவிட்டு இறையியல் படித்து, 1982-ல் குருவாகி, கிராமச் சபையில் வேலை பார்த்து, பின்னர் அதே கேம்பிரிட்ஜில் குயின்ஸ் கல்லூரியின் தலைவராக 1996 வரை இருந்தார். அவர் பொறியாளர் இல்லை, இயற்பியலாளர். உகாண்டாவுக்குப் போன அலெக்சாண்டர் மக்கே அசல் பொறியாளர். ஆனால் கடைசிவரை குருத்துவம் பெறாதவர், ஆகவே பட்டியலில் சேர்த்தால் நடுவர் பிடித்துவிடுவார். எதிர்த்திசைக்கு ஓர் ஆள்: ஸ்காட்லாந்துக் குரு ராபர்ட் ஸ்டெர்லிங், 1816-ல் காப்புரிமை பெற்ற எந்திரம் இன்றும் பொறியியல் பாடத்தில் அவர் பெயரால் இருக்கிறது, அவர் தம் எந்திரத்துக்காகச் சபையை விடவில்லை.

கேள்வி: போதகர் ஒருவரைக் கல்லூரி முதல்வராக்க முடியுமா? எங்கள் ஊரில் 'அவர் ரெவரெண்ட், என்ஜினியர் வேறு, அவரே முதல்வர்' என்று பேச்சு அடிபடுகிறது. — பெயர் வேண்டாம் என்ற விரிவுரையாளர், மார்த்தாண்டம்

பதில்: முதல்வரும் தாளாளரும் ஒருவரே என்று ஊர் நினைத்துக்கொள்வதால் வருகிற பேச்சு இது. கலை அறிவியல் கல்லூரி முதல்வருக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் பிஎச்.டி. பட்டத்தையும், பதினைந்து ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவத்தையும், ஆய்வுக் கட்டுரைகளையும் கேட்கின்றன. பதவிக் காலம் ஐந்து ஆண்டு, மேலும் ஒருமுறை நீட்டிக்கலாம். அங்கி இந்தத் தகுதிகளில் எதற்கும் ஈடாகாது. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் நிறுவனங்களை நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது; கேரளத்திலிருந்து சென்ற ஒரு கல்லூரி வழக்கில், பணிமூப்பைப் பாராமல் தகுதியுள்ளவர்களில் தமக்கு நம்பிக்கையான ஒருவரை முதல்வராகத் தெரிந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. 'தகுதியுள்ளவர்களில்' என்ற சொல்லை நிர்வாகங்கள் மெதுவாக உச்சரிக்கின்றன.

தாளாளர் பதவிக்கு அப்படிப்பட்ட கல்வித் தகுதி இல்லை. நிர்வாகத்தின் சார்பில் அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கையெழுத்திடுகிறவர் அவர். என்னை உட்காரவைத்தது அந்த நாற்காலியில்தான், அதற்குக் காரணம் 'என்ஜினியர் போதகர், கட்டடம் கட்டுவார்' என்ற எண்ணம் என்பதை முதல் கூட்டத்திலேயே புரிந்துகொண்டேன். மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்றின் வடகிழக்கு மூலையில் விரிசல் இருந்தது. பூசி வெள்ளையடிக்க எஸ்டிமேட்டும் தயார். விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறியதைப் பார்த்ததும் அது பூச்சு விரிசல் இல்லை, அஸ்திவாரம் ஒரு பக்கம் அமர்கிறது என்று தெரிந்துவிட்டது. மெல்லிய கண்ணாடித் துண்டுகள் மூன்றை விரிசலுக்குக் குறுக்கே சிமென்டால் பதித்து, பக்கத்தில் தேதி எழுதிவைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டு துண்டுகள் உடைந்தன. பழைய ஆட்களை விசாரித்தபோது அந்த மூலை, மண்கொட்டி நிரப்பிய வயல் என்று தெரிந்தது. அந்த அறைகளைப் பூட்டி, அஸ்திவாரத்தை வலுப்படுத்தி, பிறகு திறந்தோம். வெள்ளையடிப்பதைவிடப் பல மடங்கு செலவு. அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பருவத்தில் நான் ஒவ்வொரு துறைக்கும் பட்டை வரைபடம் போட்டு, எந்தப் பாடத்தை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்த வேலைபோல அட்டவணை ஒட்டினேன். துறைத்தலைவர்கள் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் வரலாற்றுப் பேராசிரியர் எழுந்து, "ஐயா, முதல் உலகப் போரை நவம்பர் 11-க்குள் முடித்துத் தந்துவிடுகிறேன், அது அன்றைக்கு முடிந்ததுதானே; மாணவனுக்குப் புரிவதற்கு மட்டும் தேதி போடாதீர்கள்" என்றார். அட்டவணையை அன்று மாலையே நானே கழற்றினேன். கல்லூரி நடத்துவது தனித் தொழில். அதைப் பொறியியல் பட்டமும் கற்றுத்தருவதில்லை, இறையியல் பட்டமும் கற்றுத்தருவதில்லை. விரிவுரையாளர்களாகிய நீங்கள்தான் கற்றுத்தருகிறீர்கள், பெரும்பாலும் எங்களுக்கு வலிக்கும்படி.

கேள்வி: பொறியாளராக இருந்த போதகர் வந்தால் சபைக்குக் கட்டடச் செலவு மிச்சம்தானே? — சபைக் கமிட்டி உறுப்பினர், நெய்யாற்றின்கரை

பதில்: செலவு மிச்சமாகும்; போதகர் மிச்சமாக மாட்டார். என் இரண்டாவது சபையில் பதினெட்டு மாதம் நான் கம்பி எண்ணினேன், சிமென்ட் மூட்டை எண்ணினேன், சாரம் கட்டுகிறவருக்குச் சம்பளம் பட்டுவாடா செய்தேன். பிரதிஷ்டை நாளில் எல்லாரும் கோபுரத்தைப் பாராட்டினார்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் நான் எத்தனை வீடு சந்தித்தேன் என்று நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது, நாற்பதுக்குமேல் எண்ண முடியவில்லை. சபையில் இருநூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: வரைபடத்தைப் பார்ப்பேன், அஸ்திவாரக் குழியை ஒருமுறை இறங்கிப் பார்ப்பேன், மற்றதற்கு வெளியாள். கையெழுத்தும் காசும் என் கையில் வேண்டாம். உங்கள் கமிட்டியும் அப்படிச் செய்தால் போதகருக்கும் நல்லது, கணக்குத் தணிக்கைக்கும் நல்லது.

கேள்வி: பழைய வேலைக்கு ஏங்குவது உண்டா? — திருவட்டாறு வாசகர்

பதில்: உண்டு. மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கடக்கும்போது. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில் பட்டணங்கால் என்னும் கால்வாயின் தண்ணீரைச் சுமந்து போகிற பாலம். 1966 முதல் நிற்கிறது. கால்வாய் அடைத்திருக்கும் மாதங்களில் லஸ்கர் என்னும் கால்வாய்ப் பணியாளர் ஒருவரோடு தொட்டிக்குள் இறங்கி நடந்து, இணைப்புகளில் தார் விலகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். இப்போது சுற்றுலாப் பயணிகள் மேலே நின்று படம் எடுக்கிறார்கள். என் கண் இன்னமும் இணைப்புக்குத்தான் போகிறது. பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொறியாளர்களுக்கு அப்படி ஓர் ஆசை உண்டு.

கேள்வி: பெண் பொறியாளருக்கும் இந்த வழி திறந்திருக்கிறதா? — சித்தூர்த் தமிழ் வாசகி

பதில்: திருச்சபையைப் பொறுத்தது. தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கிறது. 2013-ல் உங்கள் ஆந்திரத்திலேயே, நந்தியால் பேராயத்தில், புஷ்பா லலிதா இந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இல்லை.

மீண்டும் பாறசாலைத் தாய்க்கு: கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால், 'மகன் படித்தது மலையாளத்தில், வீட்டில் பேசுவது தமிழ், எங்கே படிக்கவைப்பது?' என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தெரிந்தெடுப்பது பேராயம்தான். ஆனால் விருப்பம் கேட்பார்கள். 1943-ல் தொடங்கிய திருவனந்தபுரம் கண்ணம்மூலைச் செமினரி உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தூரம். 1969-ல் உருவான மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தமிழிலேயே பாடம் கேட்டுத் தமிழிலேயே தேர்வெழுதலாம். தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்ய எண்ணமிருந்தால் அரசரடியைக் கேட்கட்டும். நம் எல்லையில் இரண்டு மொழியும் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் பகுதியிலிருந்து போன ஒரு தம்பி, நாகர்கோவில் சபையொன்றில் தம் முதல் பிரசங்கத்தில், யாக்கோபின் கிணற்றருகே இயேசு சமாரியப் பெண்ணோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்ல நினைத்து, வாய் தவறி, பேசுவதற்கான மலையாளச் சொல்லைப் போட்டு, "சம்சாரித்துக்கொண்டிருந்தார்" என்று சொல்லிவிட்டார்; தமிழ்க் காதுக்கு அது குடும்பம் நடத்தினார் என்று கேட்டது. பெண்கள் ஐக்கியச் சங்கம் முழுவதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டது. உங்கள் மகன் முதல் பிரசங்கத்தை முழுவதும் எழுதி, எல்லைக்கு இந்தப்புறத்துத் தமிழ்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டட்டும். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கே அனுப்பலாம்.